டொரீனின் படத்தில் நீங்கள் எழுதிய சொல்

டூங்கபி, சிட்னி
27-1-1977

அன்புள்ள அண்ணாவுக்கு,

டொரீனின் படத்தில் இருந்த சொல்லை அழித்துவிட்டு அதே இடத்தில் எங்கள் சாதிப் பெயரை எழுதியது நீங்கள்தான். இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சுகம். மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். மெல்பேர்ணில் உங்கள் மல்கிரேவ் வீட்டின் பின்பக்க வேலி முடிந்ததா என்று நான் கேட்டதாக மச்சாளிடம் சொல்லுங்கள். வேறு விசேஷம் எதுவும் எழுத இன்று மனம் இல்லை.

எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். எனக்கு எழுத்துப் பழக்கியது நீங்கள். வரைபடங்களில் எழுதி எழுதிப் பழகிய கை உங்களுடையது. எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, அடியில் அளவுகோல் வைத்தது மாதிரி. சிட்னியில் இருக்கிற இருபது தமிழ்க் குடும்பங்களில் வேறு ஒருவருக்கும் அந்தக் கை கிடையாது. பொங்கலுக்கு மெல்பேர்ணில் இருந்து வந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் படத்தை உங்கள் ஸ்டேஷன் வாகனில் ஏற்றிக்கொண்டு போய் டொக்டர் கதிர்காமநாதன் அங்கிளின் கராஜில் வைத்தது நீங்கள். சனிக்கிழமை காலை பொங்கல் விழா ஹோலுக்குக் கொண்டு வந்ததும் நீங்கள். தமிழ்ச் சங்கத்துப் பெயர்ப்பலகைக்கு வாங்கிய தங்கப் பெயின்ற் அந்தக் கராஜில்தான் இருந்தது. டொரீன் பாவிக்கிற தங்க நிறம் மங்கல். நீங்கள் பூசியது தகரம் மாதிரி மினுங்குகிறது.

நீங்கள் டொரீனை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு முறையும் அவளுடைய தலைமயிரைத்தான் பார்த்தீர்கள். ஆகவே அவள் யார் என்று எழுதுகிறேன். டொரீன் வீரசாமி தென்னமெரிக்காக் கரையில் கயானாவில் பிறந்தவள். கரீபியன்காரி என்றுதான் தன்னைச் சொல்லுவாள். தாய்வழி ஆபிரிக்க அடிமைகளின் வழி. தகப்பன்வழிப் பூட்டன் வீரசாமி, 1860-இல் மதராசில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். அவள் லண்டனில் தாதி வேலை படித்து, இங்கே கறுப்பர்களுக்குக் கதவு திறந்த அடுத்த வருடமே வந்துவிட்டாள். நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற அதே ஆசுப்பத்திரியில் அவள் வார்ட் தாதி. எனக்கு அறை தரச் சிட்னியில் ஒரு தமிழ் வீடும் முன்வராத நேரம், குமர்ப்பிள்ளையை வைத்திருப்பது பொறுப்பு என்று எல்லா அன்ரிமாரும் நழுவின நேரம், அறை தந்தவள் அவள்.

இரண்டு வருடமாக அவள் படம் வரைகிறாள். வீடு கட்டுகிற மரப்பலகையில், ஆள் அளவுக்கு. இங்கே வந்து சேர்ந்த கரீபியன் ஆட்கள் ஏழு பேர். ட்ரினிடாட் பஸ் சாரதி, ஆசுப்பத்திரிக் குசினியில் வேலை செய்கிற பார்படோஸ் மனுசி, இப்படி. அவர்களுக்கு இன்றைய உடுப்பு, இன்றைய முகம். பஸ் சாரதி ரிக்கற் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடியில் தங்க எழுத்தில் ஒரு வரி. அந்த ஆளின் முன்னோரை வெள்ளைக்காரன் தன் கொப்பியில் எப்படிப் பதிந்தானோ அதே வரி. பஸ் சாரதிக்கு ஒரு பெயர், ஒரு வயது, வேலை “வயல்” என்று ஒரு சொல். வேறு எதுவும் பதியப்படவில்லை. மாட்டைப் பதிந்த மாதிரிப் பதிந்தார்கள், நான் அதை ராசாவின் பட்டம் மாதிரி எழுதுகிறேன், வாசிக்கிறவன் வெட்கப்படட்டும் என்பாள்.

ஏழாவது படம் அவளுடையது. தாதி உடுப்போடு, நெஞ்சில் தலைகீழாகக் குத்திய மணிக்கூட்டோடு, வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருக்கிறாள். கயானாவில் ஜோர்ஜ்டவுனில் இருந்து எடுப்பித்த, பூட்டனின் கப்பல் பத்திரத்தின் வரியை அதன் கீழே தமிழில் எழுத ஆசைப்பட்டாள். பூட்டன் பெருவிரல் வைத்தவர், தன் பாஷையின் எழுத்தை அவரே வாசிக்கவில்லை, நானாவது அதில் எழுதுகிறேன் என்றாள். என்னிடம் பத்திரத்தைத் தந்து தமிழில் எழுதித் தரச் சொன்னாள். வீரசாமி, வயது 22, உயரம் ஐந்தடி இரண்டங்குலம், இடது முழங்காலில் தழும்பு, சாதி பறையன்.

அண்ணா, நான் இரண்டு கிழமை இழுத்தடித்தேன். இதை உங்களிடம் மறைக்க விருப்பம் இல்லை. கடைசி வரியை விடுவம், தழும்போடு நிற்பாட்டுவம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்றாள். அது கூடாத சொல், உனக்கு விளங்காது என்றேன். டொரீன் அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “உங்கட பெரிய ரகசியம் இங்கிலீஷ் அகராதியில கிடக்கு, பெட்டை” என்பது மாதிரி அவள் பாஷையில் சொன்னாள். உண்மைதான். வார்டில் யாரும் பக்கத்தில் இருக்க விரும்பாத ஆளை வெள்ளைத் தாதிகள் அந்தச் சொல்லால்தான், “பரையா” என்று சொல்லுகிறார்கள். இங்கிலீஷ் பேசுகிற உலகம் முழுக்க என் பூட்டனை வசவாக வைத்திருக்கிறது, அதனால்தான் அது வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள், ஒவ்வொரு சுழியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள்.

டொக்டர் அங்கிளும் நாகேஸ்வரி அன்ரியும் அந்த வரி எழுதுவதற்கு முதல் வந்து படத்தைப் பார்த்தவர்கள். கடல் கடந்த தமிழச்சி என்று அங்கிளுக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். பொங்கலுக்குக் குத்துவிளக்கின் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று அவர்தான் கேட்டார். அன்ரி இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்து, “மூக்கு எங்கட மூக்குத்தான், மயிர்தான் மற்றப் பக்கம்” என்று டொரீனின் முகத்துக்கு நேரே தமிழில் சொல்லிச் சிரித்தா. டொரீன் என்ன என்று கேட்டாள். வடிவான படம் என்கிறா என்று நான் மொழிபெயர்த்தேன். அந்த வீட்டில் நான் பார்த்த உத்தியோகம் அதுதான்.

திங்கட்கிழமை அன்ரி போன் எடுத்தா. அப்போதுதான் எனக்கு மிச்சம் தெரிந்தது. “நல்ல காலம் கொண்ணன் வந்து நிண்டவர். கராஜில வாசிச்சுப்போட்டு எனக்கு நெஞ்சு பக்கெண்டது. பாவம், அந்தப் பிள்ளை தான் என்ன எழுதினது எண்டு தெரியாமல் எழுதிப்போட்டுது. இவர் பக்கத்தில நிண்டு பார்க்க, கொண்ணன் பத்து நிமிஷத்தில வடிவாச் சரிப்பண்ணினார். அந்தப் பிள்ளைக்கு ஒரு உபகாரம்தானே” என்றா. உபகாரம்! ஒரு மனுசியின் பூட்டனை வேளாளராக்கிப் போட்டு உபகாரம் என்கிறா. அதோடு விட்டாவா? “நீ அங்கேயே சமைச்சுச் சாப்பிடுறனியோ?” என்று குரலை இறக்கிக் கேட்டா. ஓம் என்றேன். “எங்கட கேதீஸ்வரன் லண்டனில இருந்து ஏப்ரலில வாறான். அதுக்கு முதல் வேற இடம் பார் பிள்ளை” என்றா.

கேதீஸ்வரன் அவவின் பெறாமகன், சகோதரியின் பிள்ளை. அவருக்கு என்னைக் கல்யாணம் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்துக்காகத்தான் தூரிகையை எடுத்தீர்கள் என்றும் தெரியும். தங்கச்சிக்காகச் செய்தேன் என்று சொல்லப் போகிறீர்கள். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கராஜில் அதை எழுதிவிட்டு வந்து, அடுத்த நாள் மேடையில் ஏறி, இலங்கையில் எங்கள் பிள்ளைகளைப் பிறப்பைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் ஒதுக்குகிறார்கள் என்று பேசினீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கை தட்டிக்கொண்டே உங்கள் பின்னால் இருந்த எழுத்தை வாசித்தேன். வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

டொரீன் வேலை முடிந்து கடைசியில்தான் வந்தாள். டொக்டர் அங்கிள் பொன்னாடை போர்த்தினார். அவள் சபையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து படத்தின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழ் தெரியாதவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தீர்கள். மூன்று நாள் மூச்சைப் பிடித்து வரைந்த கோடு அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்ததும், இப்போது அங்கே என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டாள். நான் எனக்குத் தெரியாது என்றேன். பிறகு, வெயிலுக்குப் பெயின்ற் ஏதும் கழன்றிருக்கும் என்றேன். வெயில் உரிக்கும், எழுதாது என்றாள்.

அவள் நான்தான் செய்தேன் என்று நினைக்கிறாள். நினைக்காமல் என்ன செய்வாள்? அந்தச் சொல் வேண்டாம் என்று இரண்டு கிழமை சண்டை பிடித்தவள் நான். இந்த வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான்.

மார்ச் 5ஆம் திகதி வாசகசாலை மண்டபத்தில் ஏழு படங்களும் வைக்கிறார்கள். அதற்கு முன் டொரீனுக்கு நீங்கள் உங்கள் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதினீர்கள், ஏன் எழுதினீர்கள். இரண்டு வரி போதும்.

கடவுள் உங்கள் எல்லோரையும் சுகமாக வைத்திருக்கட்டும். என் பேரையும் நீங்கள் கொஞ்சம் காப்பாற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கை சந்திரவதனா


டூங்கபி
16-2-1977

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடம் கேட்டேன், மச்சாள் பதில் எழுதியிருக்கிறா. யோகராணி மச்சாள் பாவம். மெல்பேர்ணில் மழை, சின்னவனுக்குச் சளி, வேலி முடிந்தது, கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறா. நிறத்தை என்னிடம் ஏன் கேட்கிறா? வீட்டில் நல்ல பெயின்ரர் இருக்கிறார்.

படத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. உள்ளே கேதீஸ்வரனின் போட்டோ வைத்திருக்கிறா. நல்ல கோட், நல்ல சிரிப்பு. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போட்டோவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இங்கே வீடு மாறிவிட்டது. டொரீன் என்னைப் போகச் சொல்லவில்லை, சத்தமும் போடவில்லை. முந்தி ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். அவள் உறைப்புக் கூடப் போட்டுச் சமைத்துவிட்டு, கயானாவில் மதராஸ்காரருக்குக் கடவுளிடமும் பயம் கிடையாதாம், நீ மட்டும் ஏன் மிளகாய்க்குப் பயப்படுகிறாய் என்று பகிடி பண்ணுவாள். இப்போது தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். எனக்குரியது மேசையில் மூடி இருக்கும். நான் தனியே இருந்து சாப்பிடுகிறேன். எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு அம்மா சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். கிணற்றடியில் குந்தியிருந்து குடிப்பார்கள். அவர்கள் குடிக்கும்போது என்ன நினைத்தார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

போன கிழமை தூரிகைகளைக் கழுவப் போனேன். எப்போதும் நான்தான் கழுவுவேன். வேண்டாம், அவற்றைத் தொடாதே என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நீங்கள் எழுதியதை அவள் சுரண்டவில்லை. சுரண்டினால் இரண்டு மணித்தியால வேலை. அப்படியே கொண்டுபோய்த் தொங்கவிடப் போகிறாள். சங்கத்தில் உள்ள இருபது குடும்பத்துக்கும் அழைப்பிதழ் அச்சடித்திருக்கிறாள். விலாசங்களை எழுதச் சொல்லி என்னிடம் தந்தாள். நான் மேசையில் இருந்து எழுத எழுத, அவள் கதவடியில் நின்று என் கையையே பார்த்தாள். யாராவது ஒரு தமிழர் வந்து சபையில் அதை வாசித்துக் காட்டட்டும் என்றாள்.

டொக்டர் அங்கிளுக்கும் அழைப்பு போயிருக்கிறது. அவர் வருவார். கமரா இருக்கிற இடத்துக்கு அவர் வராமல் விடுவாரா?

நினைத்தால் நானே சொல்லிவிடலாம். இன்றைக்கே அறைக் கதவைத் தட்டி, அண்ணா செய்தது என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லாமல் இருக்கிறேன். அப்பா செத்த பிறகு என்னைப் படிப்பித்தது நீங்கள். இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் நீங்கள். அந்தக் கடனை வைத்துக்கொண்டு என் வாயை அடைக்கிறீர்கள் என்று நினைக்கிற அளவுக்கு இப்போது வந்துவிட்டேன். என்னை அப்படி நினைக்க வைக்காதீர்கள். 5ஆம் திகதிக்கு முன் எழுதுங்கள்.

தங்கை,
சந்திரவதனா


டூங்கபி
8-3-1977

அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதவில்லை. இனி நடந்ததை மற்றவர்களிடம் கேட்டுக் கோணலாக அறியாமல் என்னிடமே அறியுங்கள்.

சனிக்கிழமை மண்டபத்தில் அறுபது எழுபது பேர். பஸ் சாரதி தன் படத்துக்கு முன்னால் அதே சீருடையில் நின்றார். வேணுமென்றே போட்டுக்கொண்டு வந்தாராம். பார்படோஸ் மனுசி தன் படத்தின் கீழ் இருந்த வரியைச் சத்தமாக வாசித்தா, அழவில்லை, தொப்பியைச் சரிப்பண்ணிக்கொண்டு இன்னொரு முறை வாசித்தா. தங்கள் பாட்டன்மாரை அடிமையென்று எழுதிய சொல்லுக்கு முன்னால் அவர்கள் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்ற ஆட்களை எங்கள் சங்கத்தில் நான் கண்டதில்லை.

தமிழர் ஆறு குடும்பம் வந்தது. டொக்டர் அங்கிள் சூட்டில். அன்ரி காஞ்சிபுரச் சேலையில். அங்கிள் டொரீனின் படத்தோடு சாய்ந்து நின்று போட்டோ எடுப்பித்தார். அப்போது டொரீன், எல்லோரும் கேட்க, கடைசி வரியைத் தமிழில் வாசித்து இங்கிலீஷில் சொல்ல முடியுமா என்று அவரிடம் கேட்டாள். அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார். வீரசாமி, வயது, உயரம், தழும்பு, எல்லாம் ஒழுங்காக வாசித்தார். “சாதி வேளாளர்” என்று வாசித்துவிட்டு, இவரது முன்னோர் நிலமுள்ள மதிப்பான விவசாயக் குடும்பம் என்று இங்கிலீஷில் விளக்கமும் கொடுத்தார். நிலம் இருந்தவன் ஐந்தடி இரண்டங்குலத்தோடு கரும்பு வெட்டக் கப்பல் ஏறுவானேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் சிலர் மெதுவாகக் கை தட்டினார்கள்.

டொரீன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நீ எழுதித் தந்த வரி இதுவா என்று கேட்டாள்.

அன்ரி எனக்குப் பக்கத்தில் நின்றா. என் முழங்கையைப் பிடித்து, “ஓம் எண்டு சொல்லு பிள்ளை, ஓம் எண்டு சொல்லு” என்றா, சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்ளால்.

இல்லை என்றேன். நான் எழுதியது பறையன், அதை அழித்து இதை எழுதியது என் அண்ணன் சிறிதரன், டொக்டரின் கராஜில், டொக்டர் பார்த்துக்கொண்டு நிற்க என்றேன். ஒன்றரை மாதமாகத் தெரிந்தும் பொய் சொன்னது நான் என்றும் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன். பிறகு எங்கள் ஆட்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். கேளாத மாதிரி இருக்க ஒருவருக்கும் வழி இருக்கக்கூடாது என்று.

அங்கிள் கோட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். ஆறு குடும்பமும் பின்னால் போனது. சிற்றுண்டி மேசையில் இருந்து இரண்டு கேக் துண்டைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போனா ஒரு அன்ரி. வாசலில் வைத்து நாகேஸ்வரி அன்ரி, “இனி உன்னை ஆர் எடுப்பினம்?” என்றா. கடை அலுமாரியில் மிஞ்சின துணியைக் கேட்கிற மாதிரிக் கேட்டா. கேதீஸ்வரனின் பேச்சு முடிந்துவிட்டது என்று உங்களுக்கும் இதற்குள் போன் வந்திருக்கும்.

டொரீன் என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. வீட்டுக்கு ரெயிலில் வந்தோம், எதிரெதிரே இருந்து. ஞாயிற்றுக்கிழமை நான் குசினிக்கு வந்தபோது அவள் கோப்பையோடு மேசையில் இருந்தாள். நான் இருக்கலாமா என்று கேட்டேன். கதிரை உன்னுடையதுதானே என்றாள். அவ்வளவுதான். சாப்பாட்டின் நடுவில், அன்றைக்கு அந்த அன்ரி என் மூக்கைப் பற்றித்தானே சொன்னா என்று கேட்டாள். ஓம் என்றேன். அடுத்த முறை சரியாக மொழிபெயர் என்றாள்.

படம் மாத முடிவுவரை மண்டபத்தில் தொங்கும், உங்கள் எழுத்தோடு. அதன் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை குத்தியிருக்கிறாள். இந்தச் சொல் ஓவியருடையது அல்ல என்று மட்டும் இருக்கிறது. உங்கள் பெயர் அதில் இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே என்மேல் கோபம்.

உங்கள் எழுத்துக்குக் கீழே அவளுடைய எழுத்து அழியாமல் இருக்கிறதாம். படத்தின் பின்னணிப் பச்சையை மேலே பூசிய அவசரத்தில் நீங்கள் பழையதைத் தேய்க்கவில்லை. கவனமாகச் சுரண்டினால் வந்துவிடும் என்கிறாள். தானும் சுரண்ட மாட்டாள், என்னையும் சுரண்ட விடமாட்டாள். எழுதிய கைதான் சுரண்ட வேண்டும் என்கிறாள்.

படம் ஏப்ரல் 2ஆம் திகதி வீட்டுக்கு வருகிறது. அன்றைக்கு வாருங்கள். மச்சாளை அனுப்பவேண்டாம், போனில் அழவும் வேண்டாம். டொரீனுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, நீங்கள் எழுதியதை நீங்களே சுரண்டுங்கள். சாப்பாடு நான் சமைக்கிறேன். எங்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

என்னைப் பெற்றவர்களுக்குப் பிறகு எனக்கு நீங்கள்தான். அதனால்தான் கேட்கிறேன்.

சந்திரவதனா


டூங்கபி
17-4-1977

அண்ணா,

இரண்டாம் திகதி மூன்று பேருக்குச் சமைத்தேன். படம் முன்னறையில், சுவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தபடி நிற்கிறது. நீங்கள் எழுதியது இன்னும் மினுங்குகிறது.

எப்போது வருகிறீர்கள்?